மண்ணியல் அலுமாரிக்குள் ஆசிரியை சி

வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். வவுனியாவில் படிக்கும் என் மகள் நிரோஜா, பரந்தன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், முகம்கூடக் கழுவாமல் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தகப்பனுக்கு எதையோ வாசித்துக் காட்டினாள். கையில் சில போட்டோக்கொப்பித் தாள்கள். ஆங்கிலத்தில் இருந்ததை வசனம் வசனமாகத் தமிழாக்கிச் சொன்னாள்.

“‘மரத்துக்கு மரம் போனோம். தறப்பாளுக்குத் தறப்பாள் போனோம். ஆனால் எங்கள் பள்ளிக்கூடம் ஒருநாளும் மூடப்படவில்லை. கரும்பலகையை நானே சுமந்தேன்.’ அப்பா, இந்த மனுசி கரும்பலகையைத் தோளிலை காவிக்கொண்டு போயிருக்கிறா!”

அவளுடைய கண் கலங்கியிருந்தது.

“கெட்டிக்கார மனுசி,” என்றார் இவர். “ஆர் பிள்ளை அவா?”

“பேர் இல்லை அப்பா. ‘ஆசிரியை சி’ எண்டுதான் புத்தகத்திலை போட்டிருக்கு. பேட்டி குடுத்த ஆக்களின்ரை பேரை வெளியிலை விடக்கூடாது.”

நான் தேங்காய்ப் பாதியைச் சிரட்டை வரைக்கும் திருவிவிட்டேன். வெள்ளைப் பூவுக்குள் கபிலத் தூள் விழுந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நானும் ஆசிரியைதான். போரின் அதே கடைசி மாதங்களில், அதே தறப்பாள் கூடாரங்களுக்குக் கீழே நானும் படிப்பித்தேன். நிரோஜாவின் இறுதியாண்டு ஆய்வே இடப்பெயர்வின்போது பாடசாலைகள் எப்படி நடந்தன என்பதுதான். அந்த ஆய்வுக்காக அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். நானும் வாய் திறந்ததில்லை.

கடந்த கிழமை இந்தப் பக்கத்தில், மீளக்குடியேறியபோது எங்கள் கிணற்றை இறைத்த கதையை எழுதியிருந்தேன். இந்தக் கிழமை வீட்டுக்குக் கூரை போட்ட கதையை எழுதுவதாக இருந்தேன். ஆனால் அந்தக் குசினியும் அந்தத் தாள்களும் வேறெதையும் எழுத விடவில்லை.

சாப்பிடும்போது நிரோஜா தன் ஆய்வின் முக்கியமான வசனத்தைச் சொன்னாள். “போரின் இறுதி மாதங்களிலும் வன்னியின் பாடசாலைகள் மூடப்படவில்லை.” அதைத்தான் நிறுவப் போகிறாளாம். மேற்பார்வை செய்யும் விரிவுரையாளருக்கு அந்த வசனம் நன்றாகப் பிடித்துவிட்டதாம். அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஒரு பாடசாலையாவது மூடப்பட்டது எனக்குத் தெரியும். மூடியது நான். அதைச் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தால் கை நடுங்கத் தொடங்கிவிடுகிறது.

புத்தகத்து மனுசி

பொறாமை என்ற சொல்லை எழுத எனக்கு வெட்கமில்லை. வேறு சொல் போட்டால் அது பொய்.

அந்தப் பெண் ஆர், எந்த ஊர், இப்போது உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அவள் எங்கள் வீட்டுக்குள் வந்து, என் மகளுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்துவிட்டாள். நான் ‘முகத்தைக் கழுவிப்போட்டு வா’ என்று கத்தும் அம்மா. அவள் கரும்பலகை சுமந்த ஆசிரியை.

அவள் எங்களுடைய தமிழில்தான் அதைச் சொல்லியிருப்பாள். ஒருவேளை மூக்கைச் சிந்திக்கொண்டு சொல்லியிருப்பாள். அதை யாரோ ஆங்கிலத்தில் எழுதினார்கள். எங்கேயோ குளிர் தேசத்தில் அச்சடித்தார்கள். அது கப்பலேறி வந்து வவுனியாவில் ஒரு நூலகத்தின் அலுமாரிக்குள் நின்றது. என் மகள் அதை எடுத்து, திரும்பவும் தமிழாக்கி, என் குசினியில் வாசித்தாள். இவ்வளவு சுற்றி வந்த பிறகுதான் அது அவளுக்கு உண்மையாகியது. அடுப்படியில் நிற்பவள் அதே கதையைச் சொன்னால் ‘அம்மாவின்ரை பழைய கதை.’

“என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்று இவர் கேட்டார்.

“ஒண்டுமில்லை.”

“புத்தகத்திலை இருக்கிற மனுசியோடை போட்டி போடுறீர் போல.”

“உங்களுக்கு என்ன விசரோ?”

“நீர் எந்தக் கரும்பலகையைச் சுமந்தனீர்? என்னைத்தானே சுமக்க விட்டனீர்,” என்றார். அது உண்மை. எங்களுடைய கரும்பலகையை இவர் சைக்கிள் கரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் சைக்கிளில் வந்த கரும்பலகையைப் பற்றி ஒரு புத்தகத்திலும் இல்லை.

இன்னொருத்தியும் இருந்தாள். ஜெசிந்தா மிஸ். மகள் படிக்கும் பல்கலைக்கழக வளாகத்து நூலகர். அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்து மகளின் கையில் கொடுத்தது அவதான். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் எந்தக் கதை தொடங்கினாலும் ‘ஜெசிந்தா மிஸ் சொன்னவா’ என்றுதான் தொடங்கியது. தலையிடிக்கு எந்தக் குளிசை நல்லது என்பதற்கும் ஜெசிந்தா மிஸ்தான்.

ஊரின் பெயரைப் போட்டால்

அடுத்த நாள் காலை, மடிக்கணினியில் நூலகத்தின் தேடல் பக்கத்தை நிரோஜா எனக்குக் காட்டினாள். நான் கேட்டதால் அல்ல. தன் திறமையைக் காட்டத்தான்.

“எங்கடை ஊரைப் போட்டுப் பார்,” என்றேன்.

பரந்தன் என்று தமிழில் அடித்தாள். ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் அடித்தாள். வந்தது. வயல் மண்ணின் உவர்த்தன்மை பற்றி ஒரு கட்டுரை. நெல்லில் விழும் கபிலத் தத்தி பற்றி ஒன்று. ஆனையிறவு உப்பளத்து நீரைப் பற்றி வேறொன்று. கீழே கீழே இறக்கினாள். உப்பு, பூச்சி, மண்.

“ஆக்கள் இல்லையோ?”

“தேடுற சொல் பிழையம்மா. ஜெசிந்தா மிஸ் சொன்னவா, ஊரைப் போடக்கூடாது, பொருளைப் போடோணும் எண்டு.” அவள் ‘இடப்பெயர்வு’ என்பதையும் ‘மீண்டெழுதல்’ என்பதையும் ஆங்கிலத்தில் போட்டாள். உடனே திரை நிறைந்தது. பாதிக்கு மேலானவற்றுக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம். அவை வளாக நூலகம் சந்தா கட்டாதவையாம். அவற்றின் தலைப்பை மட்டும் பார்க்கலாம்.

“மீண்டெழுதல் எண்டால் என்ன?”

“விழுந்த ஆக்கள் திருப்பி எழும்புறது. பாத்தீங்களோ, எல்லாக் கட்டுரையும் அதுதான்.”

“எழும்பாத ஆக்களைத் தேடுறதெண்டால் என்ன சொல் போடோணும்?”

நான் பகிடி விடுவதாக நினைத்து அவள் சிரித்தாள். பிறகு கணினியை மூடிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். பயமாக இருந்தது. பிள்ளைக்கு எதையெல்லாம் தெரியவிடக்கூடாது என்று இத்தனை வருடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேனோ, அதில் நல்லதை மட்டும் அரித்தெடுத்து யாரோ அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அரிதட்டைப் பிடித்திருக்கும் கை என்னுடையதில்லை.

எனக்குக் கிடைக்காத அத்தியாயம்

நான் வளாகம் போகவில்லை. சோதனையில் புள்ளி இருந்தது, போரில் பாதை இருக்கவில்லை. வீட்டிலிருந்து படித்து வெளிவாரிப் பட்டம் எடுத்தவள். பொருளாதாரத் தடைக் காலம் அது. பேனைக்கும் தாளுக்கும்கூடத் தவிப்பு.

அரசறிவியல் பாடத்துக்கு எங்கள் கூட்டாளிகள் எல்லாருக்குமாக ஒரே ஒரு புத்தகம் அகப்பட்டது. சும்மா சுற்றுக்கு விட்டால் கடைசி ஆளுக்குப் போய்ச்சேரச் சோதனை முடிந்துவிடும். ஆகவே தையலைப் பிரித்து, அத்தியாயம் அத்தியாயமாகப் பிய்த்து, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்து மாற்றிக்கொள்வோம். எனக்கு முதலில் வந்தது மூன்றாம் அத்தியாயம். பிறகு ஐந்து. பிறகு இரண்டு. அந்த ஒழுங்கில்தான் அரசறிவியல் என் மண்டைக்குள் ஏறியது.

முதலாம் அத்தியாயத்தை வைத்திருந்தவள் திடீரென்று குடும்பத்தோடு மன்னார்ப் பக்கம் போய்விட்டாள். தாள்களும் அவளோடு போய்விட்டன. அதன் தலைப்பு ‘அரசு என்றால் என்ன?’ இன்றுவரை நான் அதை வாசித்ததில்லை. சோதனையில் அதிலிருந்து கேள்வி வந்தது. ஏதோ எழுதினேன். சித்தியும் அடைந்தேன்.

நிரோஜா வளாகத்துக்குள் நுழைந்த முதல் வருடம் நூலக அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய சின்னப் படம் ஒட்டிய பிளாஸ்ரிக் அட்டை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தோசம் என்று சொல்லி அவளைக் கட்டிப்பிடித்தேன். உள்ளுக்குள் என்ன இருந்தது என்பதை இப்போது சொல்லலாம். என் சொந்தப் பிள்ளையின் அட்டையைப் பார்த்து எனக்கு எரிந்தது. அந்த அலுமாரிகளில் முதலாம் அத்தியாயம் இருக்கும். கிழிக்காமல், தையல் பிரிக்காமல் இருக்கும்.

பிறகுதான் விளங்கியது. முழுப் புத்தகம் இருக்கிற இடத்திலும் அத்தியாயங்கள் காணாமல்தான் போகின்றன. என்ன வாங்குவது, எதை முன்னுக்கு வைப்பது, எதற்குப் பூட்டு, எந்தச் சொல்லுக்கு எது வரும் என்று யாரோ முடிவு செய்கிறார்கள். எங்கள் காலத்தில் பிய்த்த கை எங்களுடையது. எது இல்லை என்றாவது தெரிந்திருந்தது.

கண்ணாடிக் கதவு

அதற்கடுத்த கிழமை ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காக நான் வவுனியா போனேன். மத்தியானத்தோடு முடிந்துவிட்டது. திரும்பி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டியவள், ஒரு ஓட்டோவை மறித்து நெளுக்குளம் பக்கம் விடச் சொன்னேன். மகள் அறை எடுத்திருப்பது அங்கேதான். ஆனால் நான் மகளைப் பார்க்கப் போகவில்லை. வழியில் சாரதியிடம், “தம்பி, நேரை வளாகத்துக்கு விடுங்கோ,” என்றேன்.

நூலகத்துக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே போனதும் குளிர். கைப்பையை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். தண்ணீர்ப் போத்தலையும் வைக்கச் சொன்னார்கள். மேசையில் இருந்த பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“வெளியாக்கள் எண்டால் அனுமதிக் கடிதம் வேணும் அம்மா.”

“நான் ரீச்சர்.”

“இஞ்ச படிப்பிக்கிறியளோ?”

“இல்லை.”

“அப்ப வெளியாள்தான்,” என்றாள். கோபமில்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தா. என் வயது இருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி விட்டிருந்தா. என்னை ஒருமுறை பார்த்தா. “நிரோஜாவின்ரை அம்மாவோ? முகவெட்டு அப்பிடியே. உள்ளுக்கு வாங்கோ, நான் ஜெசிந்தா.”

இளம்பெண் ஒருத்தியைத்தான் நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். இளமையாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். இவவோ என்னைப்போலவே நரைத்த, என்னைப்போலவே முழங்கால் நோகிற ஒரு மனுசி.

அவவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. “இருங்கோ, வாறன்,” என்று அறைக்குள் போய்விட்டா. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே சின்ன அலுமாரி ஒன்று. ஒதுக்கி வைத்த புத்தகங்கள், அங்கேயே இருந்து வாசிக்க மட்டும். பகலில் வெளியே கொண்டுபோக முடியாது. பூட்டும் நேரம் எடுத்துப் போய்த் திறக்கும் நேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதல் தட்டிலேயே நின்றது அந்தப் புத்தகம். நீல அட்டை. போட்டோக்கொப்பியில் கண்ட தலைப்பு.

திறந்தேன். ஆசிரியை சி எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பக்கங்கள் தானாக அங்கே விரிந்தன. அவ்வளவு பேர் அந்த இடத்தைத் திறந்திருக்கிறார்கள்.

நிரோஜா முன்பொருநாள் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை ஒன்று ஞாபகம் வந்தது. சோதனை நெருங்கினால், ஒற்றைப் பிரதி உள்ள புத்தகத்தைச் சில மாணவர்கள் சம்பந்தமில்லாத அலுமாரியில் ஒளித்துவிடுவார்களாம். புத்தகம் நூலகத்துக்குள்தான் இருக்கும். ஒளித்தவனைத் தவிர வேறொருவருக்கும் அகப்படாது.

என் கை புத்தகத்தை மூடியது. கால் நடந்தது. கணக்கியல் தாண்டி, கணினி தாண்டி, கடைசி வரிசை. அங்கே தடித்த புத்தகங்கள் இரண்டுக்கு நடுவில் நீல அட்டையைச் செருகினேன். இனி நிரோஜா என்னிடம்தான் வரவேண்டும். வேறு போக்கிடம் இல்லை.

“அது மண்ணியல் அலுமாரி, ரீச்சர்.”

ஜெசிந்தா மிஸ் பின்னால் நின்றா.

மீன் வளர்ப்புக்குள்ளும் இல்லை

சோதனை மண்டபத்தில் எத்தனையோ பிள்ளைகளின் துண்டுத்தாளைப் பிடித்திருக்கிறேன். பிடிபட்டவர்களின் காது சிவப்பதைக் கண்டிருக்கிறேன். அன்று என் காது சுட்டது.

“தெரியாமல் வைச்சிட்டன்,” என்றேன்.

“தெரிஞ்சுதான் வைச்சனீங்கள்.” அவ புத்தகத்தை இழுத்தெடுத்தா. பிறகு சிரித்தா. “எங்கடை பெடியள் மீன் வளர்ப்புக்குள்ளதான் ஒளிப்பினம். நாங்கள் முதல் அங்கதான் தேடுவம். நீங்கள் புது இடம் கண்டுபிடிச்சிருக்கிறியள்.”

சிரித்தது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். “ஆரைக் கேட்டு இந்தப் புத்தகத்தை என்ரை பிள்ளைக்குக் குடுத்தனீங்கள்?”

“அவா பாடசாலை, இடப்பெயர்வு எண்டு கேட்டவா. எங்களிட்டை உள்ளது இதுதான்.”

“வேறை ஒண்டுமே இல்லையோ?”

“வாங்கிற புத்தகத்திலை பெரும்பங்கு கணக்கியலுக்கும் கணினிக்கும் போகுது ரீச்சர். மிச்சத்துக்குப் பேர் எழுதிக் குடுக்கிறது நான். குழு வெட்டும். வெட்டினது போக வந்தது இந்த ஒண்டு.”

“அப்ப நீங்கள் எழுதிக் குடுக்காதது இந்தப் பிள்ளையளுக்கு இல்லை.”

“ஓம்,” என்றா. கொஞ்சம் மூக்குச் சிவந்தது. “ஆரோ ஒராள் எழுதத்தானே வேணும்? நீங்கள் வகுப்பிலை எல்லாத்தையுமோ சொல்லிக் குடுக்கிறியள்?”

அவ புத்தகத்தின் அட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னா:

“இன்னொரு புத்தகமும் இருக்கு. உள் அறையிலை. விரிவுரையாளரின்ரை கையெழுத்து இருந்தால்தான் எடுக்கலாம். நிரோஜா கையெழுத்தோடை வந்து கேட்டவா. நான் குடுக்கேல்லை.”

“ஏன்?”

“படங்கள் இருக்கு. எங்கடை கடற்கரை, கடைசி நாளிலை. நான் முல்லைத்தீவு, ரீச்சர். இலக்கம் ஒட்டத்தான் அதைத் திறந்தனான். பேந்து தொடேல்லை.” நீல அட்டையை மறுபடி துடைத்தா. “‘பைண்டிங்குக்குப் போட்டுது’ எண்டு அவாட்டைப் பொய் சொல்லிப்போட்டன். அந்த நேரம் அவா சின்னப் பிள்ளையாம், ஒண்டும் வடிவாய் ஞாபகமில்லையாம். அதுக்குள்ள எதைக் காணுவாவோ எண்டு எனக்குப் பயம்.”

இதைக் கேட்டு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது அதுவல்ல. அத்தனை நாளாய் வந்த பொறாமையெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். என் பிள்ளைக்கு எதை மறைக்க வேண்டும் என்று பயப்படுகிற உரிமையாவது எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அதையும் இவ எடுத்துக்கொண்டா.

“என்னட்டைக் கேக்கச் சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“சொன்னனான். ‘உன்ரை அம்மா ரீச்சர்தானே, போய்க் கேள்’ எண்டு. ‘அம்மாவோடை அதைக் கதைக்க ஏலாது மிஸ், அவான்ரை கை நடுங்கத் தொடங்கிடும்’ எண்டவா.”

நிரோஜா என்னிடம் கேட்காததற்கு நான் எத்தனையோ காரணம் கற்பித்திருந்தேன். அலட்சியம், வெட்கம், படித்துவிட்ட திமிர். இந்தக் காரணம் என் மனதில் வந்ததேயில்லை. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கண்ணாடி அறை

அந்த நேரம் பார்த்து அவளே வந்துவிட்டாள்.

“அம்மா! இஞ்ச என்ன செய்யிறியள்?”

“அம்மா நூலகம் பாக்க வந்தவா,” என்றா ஜெசிந்தா மிஸ், நீல அட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டு. அந்தப் பெருந்தன்மையும் எனக்குக் குத்தியது.

“இந்தப் புத்தகத்திலை இருக்கிற மனுசி சொன்னது காணாது,” என்றேன் நான். “எனக்கும் சொல்லக் கிடக்கு.”

என் குரல் நூலகத்துக்குரிய குரலாக இருக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிந்தா மிஸ் கலந்துரையாடல் அறையின் கதவைத் திறந்துவிட்டா. “கன நேரம் ஏலாது. கணக்கியல் பிள்ளையள் பதிஞ்சிருக்கினம்.”

கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. நிரோஜா எதிரே இருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தாள். நான் அவற்றை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

“பேட்டியாய் எடுக்கட்டோ, சும்மா கதைப்பமோ?”

“பேட்டிதான்.”

“சொந்தக்காரரை எடுக்கலாமோ தெரியாது. விரிவுரையாளர் சேரிட்டைக் கேக்கிறன். பேர் போட ஏலாதம்மா, எழுத்துத்தான்.”

“அந்த மனுசிக்கு முன்னுக்கு வாற எழுத்தைப் போடு.”

“ஐயோ அம்மா! அவா வேறை ஆற்றையோ புத்தகத்திலைதான் சி. என்ரை ஆய்விலை நீங்கள்தான் முதல் ஆள்.”

கைபேசியை மேசையில் வைத்துப் பதிவை அழுத்தினாள். சிவப்புப் புள்ளி துடித்தது.

“எங்கடை பள்ளிக்கூடத்தை நான்தான் மூடினனான்.”

அவள் கைபேசியை என் பக்கமாகத் தள்ளினாள்.

“ஏனம்மா? ஆக்கள் வராமல் விட்டிட்டினமோ?”

“வந்தபடியால்தான் மூடினது.”

பிறகு சொன்னேன். கடைசியாக நாங்கள் இருந்தது ஒரு தென்னங்காணி. உழவு இயந்திரத்தின் பழைய கலப்பைத் தட்டொன்றை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். காலையில் ஓர் இரும்புத்துண்டால் அதை அடிப்பேன். அதுதான் மணி. அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பங்கருக்குள்ளிருந்து எழும்பி ஓடி வருவார்கள். தாய்மார் இழுத்துப் பிடித்தாலும் நிற்கமாட்டார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஷெல் விழும் ஒரு வெட்டைவெளி. மணல். ஒரு பற்றைகூட இல்லை. தலையில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு அதைக் கடந்து வருவார்கள். நான் மணி அடித்தபடியால்.

“ஒருநாள் இரும்பைக் கையிலை எடுத்தனான். அடிக்கக் கை எழும்பேல்லை. தட்டை அவிட்டு மணலுக்குள்ள தாட்டுப்போட்டன். அவ்வளவுதான். அண்டையோடை பள்ளிக்கூடம் இல்லை.”

மேசைக்குக் கீழே வைத்திருந்த கைகள் எப்போது மேலே வந்தன என்று தெரியவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தன. நிரோஜா எட்டி, கைபேசியை நிறுத்தினாள்.

“இது ஆய்வுக்கு வேண்டாம் அம்மா. எனக்கு மட்டும் சொல்லுங்கோ.”

எவ்வளவு காலமாய் இதற்கு ஏங்கினேன். எனக்கு மட்டும் என்கிறாள். ஆசிரியை சியும் இல்லை, ஜெசிந்தா மிஸ்ஸும் இல்லை. நான் ஓம் என்றிருந்தால் அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலேயே இருந்திருக்கும்.

ஆனால் நிரோஜாவும் இப்போது நல்லதை மட்டும் அரித்தெடுக்கத் தொடங்கிவிட்டாள். அந்த நீலப் புத்தகம் திறந்தால் தானாக விரிகிற அதே பக்கத்தை இன்னும் எத்தனையோ பிள்ளைகள் வாசிப்பார்கள். அந்த மனுசி பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுடைய பிள்ளைகளுக்கும் அவளுக்கும் நடுவில் அந்த வெட்டைவெளி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தை மூடித்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். எங்களுக்கும் அந்த அலுமாரியில் ஓர் இடம் வேண்டும்.

“திருப்பிப் போடு,” என்றேன்.

“அம்மா, உங்கடை கை…”

“கை நடுங்கட்டும். நீ போடு. அந்த வசனத்தை வெட்டிப்போட்டு, மூடின பள்ளிக்கூடமும் இருந்தது எண்டு எழுது.”

அவள் என்னைப் பார்த்தாள். அன்று குசினியில் தாளைப் பார்த்த பார்வையில்லை. கொஞ்சம் பயந்த, என்னைப் புதிதாகக் காண்கிற பார்வை. பதிவை அழுத்தினாள். இடது கையால் என் இரண்டு கைகளையும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு, எந்தப் புத்தகத்திலும் ஒருவரும் கேட்டிருக்க முடியாத கேள்வியைக் கேட்டாள்.

“மணி அடிக்காத அண்டைக்குப் பிள்ளையள் வந்தவையோ?”

கண்ணாடிக்கு வெளியே கணக்கியல் பிள்ளைகள் கொப்பிகளோடு காத்து நின்றார்கள். ஒருவன் கண்ணாடியில் மெல்லத் தட்டினான். நிரோஜா திரும்பவில்லை.

“வந்தவை,” என்றேன். “மணி இல்லாமலே வந்தவை. நான் பங்கருக்குள்ள இருந்து எழும்பேல்லை. என்ரை மடிக்குள்ள உன்ரை வாயைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். நீ ‘ரீச்சர் இஞ்ச இருக்கிறா’ எண்டு கத்தப் பாத்தனீ.”

அவளுடைய பிடி இறுகியது.

“எல்லாரும் திரும்பிப் போனவையோ அம்மா?”

“அண்டைக்கு எல்லாரும்,” என்றேன்.